இரண்டு மணி நேர நடையும் ஒரு மலசலகூடமும்

1

எங்கள் கவுன்சில் மாதம் ஒருமுறை ஒரு செய்தித்தாளை வீட்டுத் தபால் பெட்டிக்குள் போடும். எந்தக் கிழமை குப்பை எடுப்பார்கள், எந்த வீதியில் வேலை நடக்கிறது, நாய்க்கு எப்போது பதிவு புதுப்பிக்க வேண்டும், நூலகத்தில் எந்த நாள் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது தபால் பெட்டியிலிருந்து நேரே பழைய காகிதம் போடுகிற மஞ்சள் மூடித் தொட்டிக்குப் போய்விடும். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன். முதியோர் இல்லத்துச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு வந்த பழக்கம் இது.

இந்த மாதத் தாளின் நான்காம் பக்கத்தில் என் படம் வந்திருக்கிறது. கையில் கத்தரிக்கோல், முன்னால் நீல நாடா, பக்கத்தில் மேயர். என் மகள் ஷெரின் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மன்னாரிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"என்னக்கா, கடை திறந்திருக்கிறியளோ? ஒரு வார்த்தை சொல்லேல்ல."

"கடையில்லடா."

"அப்ப கோயில் மண்டபமோ? பின்னால சின்னக் கட்டடம் ஒண்டு தெரியுது."

"கக்கூஸ்."



"லைன் சரியில்லப் போல. என்ன சொன்னனீங்கள்?"

"லைன் நல்லாத்தான் இருக்கு. கக்கூஸ்தான் திறந்தனாங்கள்."

அவனைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

மெல்பேர்ணின் வடக்கு ஓரத்தில், வயல்வெளிகளைக் குடியிருப்பாக்கிய இடமொன்றில் நான் இருக்கிறேன். நகரத்துக்குப் போக ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். வீடுகளுக்கு நடுவில் ஒரு செயற்கை ஏரி, அதைச் சுற்றி நடைபாதை, ஒரு ஊஞ்சல், உட்கார நாலு வாங்கு. எங்கள் பூங்கா அவ்வளவுதான்.

அங்கேதான் சரோஜாவைக் கண்டேன். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். என்னைவிட நாலு வயது இளையவள். நான் சேலைக்கு மேலே கம்பளிச் சட்டையும் காலில் ஓடுகிற சப்பாத்தும் போட்டு நடந்ததைப் பார்த்து, "தமிழா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்த "ஓம்" அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "சாமி கும்பிடுற மாதிரியே சொல்றீங்க அக்கா" என்றாள். அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, ஒன்றாக நடந்தோம். இரண்டு மணி நேரம். நடை பாதி, வாங்கில் இருந்து கதைப்பது மீதி.

கொஸ்டா என்கிற கிரேக்கக் கிழவரும் தன் நாயோடு எங்களுடன் சேர்ந்துகொள்வார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு ஆங்கிலங்கள். ஆனாலும் எங்களுக்கு விளங்காமல் போனது எதுவுமில்லை.

போன வருடம் குளிர் தொடங்கியபோது சரோஜா வராமல் விட்டாள். முதலில் தடிமன், மூக்கடைப்பு என்றாள். பிறகு முழங்கால் நோ. பிறகு தொலைபேசியை எடுக்கவேயில்லை. மூன்றாம் கிழமை நான் அவள் வீட்டுக்கே போய்விட்டேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவள் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். தனக்குப் போடவில்லை.

"நீங்க குடிக்கேல்லயா?"

"இல்லக்கா. இப்ப கம்மி பண்ணிட்டேன். தண்ணிகூட மதியத்துக்கு மேலதான்."

அதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது நாங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். போக இடமில்லை என்பதால் தண்ணீரைக் குறைத்தோம். தொண்டை காய்ந்தாலும் வாயை நனைத்துவிட்டு வைத்துவிடுவோம். என் அம்மாவுக்கு அதனாலேயே சிறுநீரில் கிருமி வந்து, காய்ச்சலில் பத்து நாள் கிடந்தா. பிள்ளைகளுக்கு நான் சொல்லாத கதைகளில் இதுவும் ஒன்று.

"சரோஜா, உங்களுக்கு அடக்க ஏலாமல் இருக்கோ?" என்று நேரே கேட்டேன்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். சர்க்கரைக்கு மாத்திரை மாற்றியதிலிருந்து அடிக்கடி வருகிறதாம். ஒருநாள் ஏரியின் அந்தப் பக்கம் நின்றபோது வீடு வந்து சேர முடியவில்லை. வீதியில் வரும்போதே நனைந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு வந்த பேத்தி அதைக் கண்டுவிட்டாள்.

"அவ ஒண்ணும் சொல்லலக்கா. அதான் எனக்கு ரொம்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. இனிமே வெளியவே வேணாம்னு இருந்துட்டேன். மகன்கிட்ட இதெல்லாம் எப்படிச் சொல்றது?"

நான் அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினேன். "குடியுங்கோ. வீட்டிலதானே இருக்கிறியள்," என்றேன். குடித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை.

3

வீட்டுக்கு வந்து கவுன்சில் தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தேன்.

ஊரில் ஒரு அலுவலகத்தில் காரியம் ஆகவேண்டுமென்றால் முதலில் ஆரையாவது பிடிக்கவேண்டும். அவருடைய மச்சான், அவரோடு படித்தவர், அவருக்கு மீன் கொடுக்கிறவர் என்று ஒருவரைத் தேடுவோம். பிறகு நல்ல சட்டை போட்டுப் போய், "சேர்" என்று தொடங்கி, நாளைக்கு வாருங்கள் என்ற பதிலோடு திரும்புவோம். இங்கே யாரையும் பிடிக்கத் தேவையில்லை. இயந்திரம் ஒன்றை அமுக்கச் சொல்லும், மூன்றை அமுக்கச் சொல்லும், பிறகு ஒரு பிள்ளை மிகவும் அன்பாகக் கதைக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்வது விளங்கவேண்டும்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். மலசலகூடத்துக்கு மரியாதையான ஆங்கிலச் சொல் "லவற்றரி" என்று மதர் சொல்லித் தந்திருந்தா. அந்தச் சொல்லை அதற்குப்பிறகு யார் வாயிலும் கேட்டதில்லை. ஆனாலும் அரசாங்கத்தோடு கதைக்கும்போது மரியாதை வேண்டுமே என்று அதையே சொன்னேன். எங்கள் பூங்காவில் ஒரு லவற்றரி வேண்டும், வயதுபோனவர்களுக்கு அது மிகவும் அவசரம் என்றேன்.

"எந்த மாதிரிப் பரிசோதனைக்கு?" என்று கேட்டது அந்தப் பிள்ளை.

நான் சிறுநீர்ப் பிரச்சினை என்றேன்.

"அதற்குப் பூங்காவில் வசதி செய்ய முடியாது. கடைத்தொகுதியில் ஒரு இடம் இருக்கிறது. மருத்துவரின் கடிதத்தைக் கொண்டுபோனால் மாதிரி எடுப்பார்கள்" என்று விலாசமும் தந்தது.

விலாசத்தை எழுதி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஆய்வுகூடம் கேட்டதாக நினைத்திருக்கிறது. திரும்பவும் அடித்து, மதரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "டொய்லெட்" என்று உரத்துச் சொன்னேன். இந்தமுறை எடுத்தவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. நன்றாக, நாகரிகமாக எழுதப்பட்ட கடிதம். எங்கள் பூங்கா "உள்ளூர்ப் பூங்கா" என்ற வகையைச் சேர்ந்ததாம். மலசலகூடம் "மாவட்டப் பூங்கா"வுக்குத்தானாம். உள்ளூர்ப் பூங்காவுக்கு வருகிறவர்கள் பக்கத்து வீடுகளிலிருந்து நடந்து வந்து, அரை மணி நேரத்துக்குக் குறைவாகவே நிற்பார்கள் என்பது கணிப்பாம்.

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை வருடமாக நாங்கள் இரண்டு மணி நேரம் அங்கே இருக்கிறோம். யாரோ ஒரு மேசையில் இருந்து எங்களை அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

4

ஷெரின் பொயிண்ட் குக்கில் இருக்கிறாள். நகரத்தின் மறுகரை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கிழமையில் ஒருநாள் எடுத்து, "யூ ஓகே, அம்மா?" என்பாள். நான் ஓம் என்பேன். அவ்வளவில் எங்கள் கதை முடிந்துவிடும்.

கவுன்சில் கூட்டத்தில் குடியிருப்பாளர் யாரும் கேள்வி கேட்கலாம் என்று தாளில் போட்டிருந்தது. படிவத்தை நிரப்பித் தா என்று அவளிடம் கேட்டேன்.

"டொய்லெட்டுக்கா? அம்மா, ப்ளீஸ். ஆக்கள் சிரிப்பினம்."

அவள் தமிழில் சொன்னதே எனக்கு அதிசயம். அதனால் கோபம் வரவில்லை. சரோஜாவின் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். பிறகு முகாமில் தண்ணீரைக் குறைத்த கதையையும் சொல்லிவிட்டேன். 

"நீங்க இதை எனக்குச் சொன்னதேயில்லையே" என்றாள்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவளே எடுத்தாள். கேள்வி சுருக்கமாக இருக்கவேண்டுமாம், பேச இரண்டு நிமிடம்தானாம். நான் எழுதியதில் பாதியை வெட்டினாள். நான் திரும்பப் போட்டேன். அவள் திரும்ப வெட்டினாள். அவள் வளர்ந்தபிறகு நானும் அவளும் ஒரு விஷயத்துக்காக அவ்வளவு நேரம் சண்டை பிடித்தது அதுதான் முதல்தடவை. மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கூட்டத்தன்று நானும் கொஸ்டாவும் போனோம். சரோஜா வரமாட்டேன் என்றுவிட்டாள். பெரிய மண்டபம், அரைவட்டமாகக் கவுன்சிலர்கள். முதலில் இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை சொன்னார்கள். பிறகு வீதி, வடிகால், ஏதோவொரு கட்டடத்தின் உயரம். என் பெயரை எப்படிச் சொல்வது என்று மேயர் அம்மா தடுமாறினா. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். தாளை விரித்து, "யுவர் எக்ஸலன்சி" என்று தொடங்கினேன்.

மண்டபத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. மேயரும் சிரித்து, "என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, தொடருங்கள்" என்றா. அதோடு என் பயம் போய்விட்டது. தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நாங்கள் அரை மணி நேரம் நிற்பதாக உங்கள் கடிதம் சொல்கிறது. நாங்கள் இரண்டு மணி நேரம் நிற்கிறோம். நிற்க முடியாதவர்கள் இப்போது வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அவர்களை நீங்கள் பூங்காவில் எண்ண முடியாது. அதனால் என் கேள்வி இதுதான். உங்களில் ஒருவர் ஒரு காலை எங்களோடு இரண்டு மணி நேரம் வந்து நடப்பீர்களா? தேநீர் நான் கொண்டுவருகிறேன்."

கொஸ்டா தனக்குக் கொடுக்காத நேரத்தில் எழுந்து, "ஆம்பிளைகள் மரத்துக்குப் பின்னால் போகிறோம். எந்த மரம் என்று எனக்குத் தெரியும். அதைக் கவுன்சில் எழுதிவைத்துக்கொள்ளட்டும்" என்றார். மேயர் அவரை இருக்கச் சொன்னா. ஆனால் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர், உயரமான மனிதர், நான் வருகிறேன் என்று கையை உயர்த்தினார்.

திரும்பிப் பார்த்தால் கடைசி வரிசையில் ஷெரின். வேலையிலிருந்து நேரே அத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "நான் வெட்டினது முழுக்கத் திரும்பச் சொல்லிட்டீங்க" என்றாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

5

கவுன்சிலர் வந்த காலை நல்ல குளிர். புல்லெல்லாம் வெள்ளை. அவரோடு பூங்காப் பிரிவு அதிகாரி ஏமி என்ற இளம்பெண்ணும் வந்திருந்தாள். நான் இரண்டு பெரிய பிளாஸ்கில் பால் விடாமல் இஞ்சியும் சீனியும் போட்ட பிளேன்ரீ கொண்டுபோயிருந்தேன். இஞ்சிப் பிளேன்ரீ நான் வழக்கமாகவே கொண்டுபோவதுதான். இதில் எந்தச் சூழ்ச்சியும் இருக்கவில்லை என்று மாதாமேல் சத்தியம் செய்யத் தயார்.

அதிசயமாகச் சரோஜா வந்திருந்தாள். அதற்கு முதல்நாள் நான் அவளிடம், "கேட்டவள் நான். ஆனா உங்களுக்காகத்தான் கேட்டனான். நீங்கள் வராட்டி நான் பொய் சொன்ன மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருந்தேன். வெறும் வயிற்றோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தாள்.

ஒரு சுற்று நடந்தோம். வாங்கில் இருந்தோம். கவுன்சிலர் கைகளை ஊதிக்கொண்டு தேநீரை வாங்கினார். நன்றாக இருக்கிறது என்றார். சரோஜா உடனே கோப்பையை நிரப்பினாள். இன்னொரு சுற்று. நான் பூங்காவின் குறைநிறைகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். சரோஜா பிளாஸ்கோடு பின்னால் வந்தாள். ஏமிக்கு இரண்டாவது, கவுன்சிலருக்கு மூன்றாவது. வேண்டாம் என்பதை அவள் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

"போதும் சரோஜா, விடுங்கோ" என்று மெல்லச் சொன்னேன்.

"நீங்க பேசிட்டே இருங்கக்கா. நான் ஊத்திட்டே இருக்கேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி வைத்திருந்தாள்.

ஒரு மணி நேரம் தாண்டியதும் கவுன்சிலரின் நடை வேகமானது. ஏமி கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஏரியின் அந்தப் பக்கம் போனபோது அவர் நின்று, நாலா பக்கமும் பார்த்து, மிகவும் அடக்கமான குரலில், பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"பெற்றோல் நிலையத்தில். இங்கிருந்து கால் மணி நேரம். பூட்டியிருக்கும், காசாளரிடம் திறப்பு வாங்கவேண்டும்" என்றேன்.

கொஸ்டா தன் மரத்தைக் காட்டினார். கவுன்சிலர் அந்த மரத்தைப் பார்த்தார், அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னல்களைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். ஏமி மட்டும் தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அவளுக்கு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. சரோஜாதான் முதலில் அவள் கையைப் பிடித்தாள். "வாம்மா, இருக்கறதுல எங்க வீடுதான் பக்கம். வாங்க சார் நீங்களும்" என்று இருவரையும் கூட்டிக்கொண்டு விறுவிறென்று நடந்தாள். ஊருக்கு வழிகாட்டுகிறவள் போல முன்னால் போனாள். நானும் கொஸ்டாவும் நாயும் பின்னால் ஓடினோம்.

அவள் வீட்டுக் கூடத்தில் முறைவைத்துக் காத்திருந்தபோது கவுன்சிலர் ஏமியிடம், "அந்த அரை மணி நேரக் கணிப்பை யார் எழுதியது?" என்று கேட்டார். ஏமி, "தெரியவில்லை. ஆனால் நான் திருத்துகிறேன்" என்றாள்.

6

உடனே நடந்துவிடவில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கவேண்டும், குடியிருப்பாளரின் கருத்துக் கேட்கவேண்டும், நிலத்தடிக் குழாய்ப் படம் பார்க்கவேண்டும். ஒரு கடிதத்துக்குப் பின் இன்னொன்று. ஷெரின் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தாள். அலுவலகத்தில் தன் தாய் அரசியலில் இறங்கிவிட்டதாகச் சொல்லித் திரிகிறாளாம். சரோஜாவை நான் என் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் மாத்திரை நேரத்தை மாற்றி, சில பயிற்சிகளும் சொல்லிக்கொடுத்தார். மகனிடமும் அவளே சொல்லிவிட்டாள். "இதை ஏம்மா இவ்ளோ நாள் சொல்லல" என்று மகன் அழுதானாம். எங்களுக்குத்தான் இதெல்லாம் சொல்லக்கூடாத விஷயம் போலும்.

போன மாதம் திறந்தார்கள். ஒரு சின்னக் கட்டடம். இரண்டு கதவு, சக்கர நாற்காலி போகிற அகலம், கைப்பிடி, வெளியே தண்ணீர்க் குழாய். மேயர் கத்தரிக்கோலை என்னிடம் தந்தா. படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள். அதற்குப்பிறகுதான் சிக்கல். நாடாவை வெட்டியாயிற்று, கூட்டம் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, அத்தனை பேருக்கு முன்னால் முதலில் உள்ளே போக ஒருவருக்கும் துணிவில்லை. மேயர் வானத்தைப் பார்த்தா. கொஸ்டா நாயைத் தடவினார்.

சரோஜா தன் கைப்பையை என் கையில் வைத்தாள். "பிடிங்கக்கா" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே உள்ளே போனாள். கதவு மூடியது. நாங்கள் எல்லோரும் கோயில் வாசலில் நிற்பவர்கள் போல நின்றோம். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மறுபடி கைதட்டல், இந்தமுறை முன்னதைவிடப் பலமாக. அவள் பேத்திதான் எல்லோரையும்விட உரத்துத் தட்டினாள்.

ஏமி குறிப்புப் புத்தகத்தோடு எங்களிடம் வந்தாள். பூங்காவுக்கு வேறு ஏதாவது தேவையா என்று சரோஜாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த ஒரு மரத்த விட்டா அந்தப் பக்கம் நெழலே இல்லக்கா. வெயில் நாள்ல நிக்க முடியல. மரம் வைக்கச் சொல்லுங்க" என்றாள் சரோஜா.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஏரியின் மறுகரையைக் கையால் காட்டி, தானே ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ட்ரீ. தேர். டூ." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "நோ. ஃபோர்."

ஏமி எழுதிக்கொண்டாள். யார் கேட்டதாகப் போடவேண்டும் என்று பெயரைக் கேட்டாள். சரோஜா பேனாவைத் தன் கையில் வாங்கினாள். புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் எழுதினாள்.